காலி மைக்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. நிர்ஜலா மொக்தான் குடையை மடக்கி, வானொலி நிலையத்தின் வாசற்படியில் உதறிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைத்தெருவுக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கு அடைத்து வைத்திருந்த கல்வீடு அது. கிழங்கு போய் எத்தனையோ வருஷமாகியும் ஈர மண்ணும் முளையுமான அந்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. உள்ளே இரண்டே அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. ஒரு பக்கம் மேஜையும் மைக்குகளும், மறுபக்கம் குமிழ்களும் முள் ஆடும் மீட்டர்களும். நிர்ஜலா எட்டு வருஷமாக மறுபக்கத்தில் உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்துக்கொண்டும் கேள்விகளை எழுதிக்கொடுத்துக்கொண்டும் இருந்தவள். அன்றுதான் முதல்முறையாக இந்தப் பக்கம் உட்காரப்போகிறாள்.

வாசலுக்கு நேரே தோல்மா கிசிங்கின் படம் மாட்டியிருந்தது. மேலே மஞ்சள் பட்டுத்துண்டு, கீழே நெய்விளக்கு. எல்லோரையும் போல நிர்ஜலாவும் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். தொட்ட கையோடு, இவ்வளவு பெரிய படமாகவா மாட்ட வேண்டும் என்றும் நினைத்தாள்.

செத்தவள் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பவள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தடுக்கி விழுவாள், நம் வயிறு கொஞ்சம் குளிரும். செத்தவள் இனி எங்கே தடுக்கி விழப்போகிறாள்?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ‘சௌதாரி’. அரசமரத்தடியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஊர் நியாயம் பேசும் கல்மேடைக்குத்தான் இங்கே சௌதாரி என்று பெயர். அந்த மேடையையே வானொலிக்குத் தூக்கி வந்தவள் தோல்மா. வார்டுக்கு வந்த பணம் எங்கே போனது, குடிதண்ணீர்க் குழாய் ஏன் பாதி மலையில் நின்றது, புல்டோசரை யாரைக் கேட்டு விட்டார்கள் என்று அவள் கேட்பாள், மலை முழுக்கப் போன் போட்டுப் பேசும். அந்தக் கேள்விகளில் முக்கால்வாசி நிர்ஜலா எழுதியவை. ஆனால் கடைத்தெருவில் ஆரஞ்சுக்காரி மடி நிறைய ஆரஞ்சு கட்டிக்கொடுப்பது தோல்மாவுக்கு. பக்கத்திலேயே நிற்கும் நிர்ஜலாவைப் பார்த்து, “நீயும் அங்கதான் இருக்கியா? பட்டன் அமுக்குற பொண்ணா?” என்று கேட்பாள். தோல்மா சிரித்துக்கொண்டே பாதி ஆரஞ்சை நிர்ஜலாவிடம் தள்ளுவாள். அந்தப் பாதி ஆரஞ்சுதான் நிர்ஜலாவுக்கு வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

மழைக்காலத் தொடக்கத்தில், மேல்மலைக் கிராமத்து ஆட்களிடம் பேசிவிட்டு வந்த தோல்மாவின் ஜீப், புதிதாக வெட்டிய சாலையோடு சேர்ந்து ஆற்றுக்குள் போனது. உடம்பு கிடைக்கவே வெகுநாள் ஆயிற்று. அதனால் அவளை வழியனுப்பும் கேவா சடங்கையும் சோளம் அறுத்த பிறகு என்று தள்ளிவைத்திருந்தார்கள். அதுவரை அவள் அம்மா தினமும் வாசலில் சோறு வைத்து, “தோல்மா, வா, சாப்பிடு” என்று கூப்பிடுவாள். கேவா முடியும்வரை அந்தப் பெயரை அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடக்கூடாது. பேசலாம், அழலாம், கூப்பிடக்கூடாது. கூப்பிட்ட இடத்தில் செத்தவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இது நிர்ஜலாவுக்குத் தெரியாததல்ல.

கண்ணாடிக்குப் பின்னால் கும்பசிங் குமிழ்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நரைத்த மீசை, பேச்சு குறைவு. தோல்மாவின் குரலை இத்தனை வருஷம் மலைக்கு அனுப்பி வைத்தது அவன் விரல்கள். மேஜையில் தோல்மாவின் சின்ன டப்பா இன்னும் இருந்தது. தொண்டைக்கு நல்லது என்று திமுரை, நம் மலைமிளகை, எந்நேரமும் கடித்துக்கொண்டிருப்பாள். எலுமிச்சைத் தோல் போல வாடை, வாயில் போட்டால் நாக்கு மரத்துப்போகும். நிர்ஜலா டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கும்பசிங் பார்த்தான். திரும்பவும் குமிழைத் துடைக்கப் போனான்.

முதல் சனிக்கிழமை ஒருவழியாக முடிந்தது. போன் செய்தவர்கள் எல்லோரும் முதலில் தோல்மாவுக்காக வருத்தப்பட்டார்கள், அப்புறம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. நிர்ஜலா பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவர், ‘நல்லாக் கேட்ட’ என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இந்த மலை தன் குரலைக் கேட்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை புல்டோசர் சாலையைப் பற்றிய பேச்சு. வார்டு தலைவரை அழைத்திருந்தார்கள், அவர் வரவில்லை. அதனால் என்ன, சௌதாரிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வராதவருடைய நாற்காலியைப் போட்டு, அதன் முன்னால் இருக்கும் மைக்கைத் திறந்து வைப்பார்கள். நடத்துகிறவர் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். பிறகு ஐந்தாறு மூச்சு நேரம் அந்த மௌனத்தை அப்படியே ஒலிபரப்புவார்கள். பெரிய மனிதர்களுக்கு இந்தக் காலி மைக் என்றால் பயம். ஒரு தலைவர் இரண்டாவது கூப்பிடலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

அன்றும் நிர்ஜலா தலைவரைக் கூப்பிட்டாள், மௌனம் ஒலிபரப்பாயிற்று. அடுத்த அழைப்பில் கோவேறு கழுதை ஓட்டும் கிழவர் ஒருவர் வந்தார்.

“நீ கேக்குறது வரி வசூல் பண்ற மாதிரி இருக்குமா,” என்றார் கோபமே இல்லாமல். “தோல்மா கேட்டா உள்ள இருக்கறது வெளிய வந்துரும். அவ இருந்திருந்தா இந்நேரம் அந்த ஆளு வந்து உக்காந்திருப்பான்.”

நிர்ஜலாவின் காது சூடாயிற்று. கேள்வி அவளுடையது. எட்டு வருஷக் கேள்விகளும் அவளுடையவை. சிரித்த குரலிலேயே சொன்னாள்:

“அப்படியா? அப்ப அவங்களையே கேட்ருவோம். மைக்கு தொறந்துதான் இருக்கு. தோல்மா கிசிங், உங்க நாற்காலி காலியா இருக்கு. வந்து பேசுங்க.”

கண்ணாடிக்குப் பின்னால் கும்பசிங் எழுந்துவிட்டான். இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினான்.

“தோல்மா கிசிங். வந்து பேசுங்க.”

வார்டு தலைவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிப்போன வழக்கம், நாக்கு நிற்கவில்லை.

“தோல்மா கிசிங்.”

மௌனம். வெளியே இரும்புக் கூரையில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் காலி நாற்காலி. அதன் முன்னால் மைக்கின் சிவப்பு விளக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலி மைக்கின் மீட்டரில் முள் மெல்ல ஏறி, இறங்கியது.

மறுபடி ஏறி, இறங்கியது. யாரோ மூச்சு விடுவதைப் போல.

பிறகு ஒரு சின்னச் சத்தம். கடுக்.

மிளகைக் கடிக்கும் சத்தம்.

எலுமிச்சைத் தோல் வாடை மேஜையைத் தாண்டி வந்தது. நிர்ஜலா வாயைத் திறந்து அடுத்த கேள்வியைக் கேட்டாள். தன் குரல் தன் காதில் சரியாகத்தான் கேட்டது. ஆனால் நாக்கு மரத்திருந்தது.

அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. கழுதைக்காரக் கிழவரே திரும்பவும் போட்டார். “ஆங், இது பேச்சு!” என்றவர், குரல் உடைந்து மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார். கடைசி அழைப்பில் வந்தது சாட்சாத் வார்டு தலைவரே. உளறி உளறி, சாலை வெட்டப் புல்டோசரை விட்ட ஒப்பந்தக்காரர் பெயரையே சொல்லிவிட்டார். நிர்ஜலாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது கும்பசிங் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

“என்ன அண்ணே, எப்படி?”

“நல்லா இருந்துச்சு தங்கச்சி,” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் ஆரஞ்சுக்காரி அவளைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். மடி நிறைய ஆரஞ்சு கட்டிக்கொடுத்தாள். எட்டு வருஷம் காத்திருந்த ஆரஞ்சு. நிர்ஜலா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நேத்து என்ன பேச்சு! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு,” என்றாள் ஆரஞ்சுக்காரி. “கொண்டுபோய்த் தோல்மாகிட்ட குடுத்துரு. வழியில நீ தின்னுறாத.”

“தோல்மாவா? பேசுனது நான்.”

ஆரஞ்சுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “நீ எங்க பேசுற? நீ பட்டன்தானே அமுக்குற. அவ குரல் எனக்குத் தெரியாதா?”

அவள் செத்து நாளாச்சே என்றாள் நிர்ஜலா. ஆமாம், பாவம், என்றாள் ஆரஞ்சுக்காரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்த நேரத்தில் பக்கத்து டீக்கடையில் மறு ஒலிபரப்பு தொடங்கியது. வார்டு தலைவரைக் கூப்பிடும் வரைக்கும் நிர்ஜலாவின் குரல். அதைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் டீயை ஊதினார்கள், கதை பேசினார்கள். பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டது வந்தது. மௌனம் வந்தது. கடுக் என்றது.

பிறகு பேசியது தோல்மா.

நிர்ஜலா எழுதிய கேள்விகள். நிர்ஜலா கேட்ட அதே வரிசை. ஆனால் அந்த அடித்தொண்டைக் குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சிரிப்பு மறைந்திருக்கும் அந்தக் குரல். கடையில் யாரும் டீயைத் தொடவில்லை. மலையே காது கொடுத்துக் கேட்டது.

பயம் வர வேண்டிய இடத்தில் நிர்ஜலாவுக்கு முதலில் வந்தது பொறாமைதான். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. செத்தும் பிடுங்கிக்கொண்டாளே என்று பல்லைக் கடித்தாள். ஆரஞ்சு மடியிலிருந்து உருண்டு சாக்கடையில் விழுந்தது.

அந்த வாரமே கேவா நடந்தது. தோல்மாவின் உடைகளை மூங்கில் சட்டத்தில் போர்த்தி, உருவம் செய்து வைத்திருந்தார்கள். ஆவியை அதில் வந்து உட்காரச் சொல்லி, சாப்பாடு போட்டு, வழி சொல்லி அனுப்ப வேண்டும். லாமா மந்திரம் ஓதி ஓதிக் கூப்பிட்டார். விளக்குகள் ஆடவில்லை, உடை அசையவில்லை. கடைசியில் அவர் புத்தகத்தை மூடிவிட்டு, இவள் இங்கே இல்லை, வேறு யாரோ பெயர் சொல்லி நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

தோல்மாவின் அம்மா கூட்டத்தில் யாரையும் தேடவில்லை. நேராக நிர்ஜலாவைப் பார்த்தாள். திட்டவில்லை.

“எம் பொண்ணு ஒன்னை என்னம்மா பண்ணுனா?” என்று மட்டும் கேட்டாள்.

லாமா நிர்ஜலாவைத் தனியே அழைத்துச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில், அதே மைக்கில், இங்கே உனக்கு இடமில்லை, போ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும்.

“மொதல்ல நீ எந்திரிக்கணும். நீ உக்காந்திருக்குற நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுதான் சொல்லணும். அப்புறம் அதுல யாரும் உக்காரக் கூடாது, நீயும்தான். நீ உக்காந்துகிட்டே போகச் சொன்னா, ரெண்டு பேர்ல யாரப் போகச் சொல்றாங்கன்னு செத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நிர்ஜலா தலையாட்டினாள். எழுந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தாள். வாரம் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை மலையில் பனி இறங்கியிருந்தது. கும்பசிங் நெய்விளக்கை ஏற்றி, குமிழுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு மைக்குகளிலும் சிவப்பு விளக்கு. குப்பைக்கூடையில் போட்ட திமுர் டப்பா மேஜைமேல் இருந்தது. மூடி திறந்திருந்தது.

கும்பசிங் கையை மேலே தூக்கிக் காட்டினான். எழுந்திரு.

நிர்ஜலா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். எழுந்தால் இந்த நாற்காலி போச்சு, சௌதாரியும் போச்சு. மலையில் காலாகாலத்துக்கும் ஒரே ஒரு குரல்தான் இருக்கும், அது தோல்மாவின் குரல். இவள் பட்டன் அமுக்கிய பெண். எட்டு வருஷம் காத்திருந்து, மூன்றே சனிக்கிழமை உட்கார்ந்து, அதையும் அவளுக்கே தூக்கிக் கொடுப்பதா?

பிடித்த கை விடவில்லை.

“தோல்மா கிசிங்,” என்றாள் உட்கார்ந்தபடியே. “இங்க உனக்கு இடம் இல்ல. போ.”

கும்பசிங் கண்ணாடியைத் தட்டினான். எழுந்திரு, எழுந்திரு.

“தோல்மா கிசிங், இங்க உனக்கு இடம் இல்ல. போ.”

தட்டல் நின்றது. கும்பசிங் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. வெகுநாள் பட்டினி கிடந்தவன் முன்னால் சோறு வைத்தது போல ஒரு முகம்.

மூன்றாவது முறை சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஹெட்போனில் முதல்முறையாக, ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த குரல் அவளுக்குக் கேட்டது.

“நிர்ஜலா மொக்தான்,” என்றது அது, சிரிப்பு மறைந்த அந்தக் குரலில். “இங்க உனக்கு இடம் இல்ல. போ.”

கைப்பிடி கைக்குள் இல்லை.

எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிர்ஜலாவின் பச்சைச் சால்வை. நிர்ஜலாவின் மூக்குத்தி. அவள் டப்பாவிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டாள்.

கடுக்.

தான் காலி நாற்காலியில் இருப்பது நிர்ஜலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கத்தினாள். கும்பசிங்கின் விரல் காலி மைக்கின் குமிழை இறக்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. அந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே வாய் அது.

அன்று சௌதாரி பிரமாதமாக நடந்தது என்று ஊரே பேசிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை ஒப்பந்தக்காரரை அழைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. நிர்ஜலா வாரம் முழுவதும் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். பகலில் கிழங்கு வாடை, சாயங்காலத்தில் பனி. யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காப்பாத்துங்க. அது நான் இல்ல. லாமாவைக் கூப்பிடுங்க. ஐந்தாறு மூச்சுக்குள் சொல்லிவிடலாம்.

எதிரே இருந்தவள் கேள்விகளைக் கேட்டாள். ஒவ்வொன்றும் நிர்ஜலா எழுதியது. ஒவ்வொன்றுக்கும் மலை ஆஹா என்றது. தோல்மா மாதிரிக் கேட்க யாரால் முடியும் என்றார் கழுதைக்காரக் கிழவர்.

“ஒப்பந்தக்காரர் ஐயா, உங்க நாற்காலி காலியா இருக்கு. வந்து பேசுங்க.”

மூன்றாவது கூப்பிடல் முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மலை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மௌனத்துக்குக் காது கொடுத்தது. எட்டு வருஷமாக அவள் ஏங்கியது இதற்குத்தான்.

நிர்ஜலா பேசினாள். காப்பாத்துங்க என்று சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள்.

“அந்தக் கேள்வி எல்லாம்,” என்றாள், “நான் எழுதுனது.”

கும்பசிங் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மீட்டரைப் பார்த்தான். காலி நாற்காலியைப் பார்த்தான், வெகுநேரம். அவன் உதடு தங்கச்சி என்று அசைந்தது. பிறகு எதிரே இருந்தவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் விரல் குமிழைப் பிடித்து, மெல்ல மெல்ல, கடைசிவரை இறக்கியது.

உடனே தொலைபேசி அடித்தது. ஆரஞ்சுக்காரி.

“அக்கா, நடுவுல ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சே, யாரது?”

எதிரே இருந்தவள் மிளகைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

“அது ஒண்ணுமில்லம்மா,” என்றாள். “பட்டன் அமுக்குற பொண்ணு.”